வெனிலினோடு பிறந்தவர்

1874ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் நடந்த இரண்டு நிகழ்வுகளை அன்றைக்கு யாரும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஹார்மன், ஃபெர்டினாண்ட் டீமன் என்ற இரண்டு இளம் வேதியியலாளர்கள், ஊசியிலை மரங்களின் பட்டைக்கு அடியில் ஊறும் சாற்றிலிருந்து வெனிலினைத் தயாரித்துக் காட்டினார்கள். வெனிலா ஐஸ்கிரீம் என்றதும் நம் நினைவுக்கு வரும் மணத்துக்குக் காரணமான பொருள் அதுதான். அதே ஆண்டு அக்டோபரில், பாரிஸை ஒட்டிய கொலோம்ப் என்ற ஊரில், வாசனைத் திரவியம் செய்து விற்கும் குடும்பமொன்றில் ஜாக் கெர்லான் பிறந்தார்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, வெனிலினின் நெருங்கிய உறவுக்காரப் பொருள் ஒன்றை வைத்து அவர் செய்த ஷாலிமார் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. உடைகளும் ரசனைகளும் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறிவிடும் உலகில் ஒரு சென்ட் நூறாண்டு நிற்பது சாதாரணமல்ல. இதைச் சாதித்தவரைப் புரிந்துகொள்ள அவருடைய மூக்கின் கூர்மையைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. ஒரு துளி திரவம் தோலின் மேல் எப்படி ஆவியாகிறது என்பதையும் பேசியாக வேண்டும். என் கருத்தில், அவர் உண்மையில் கையாண்ட பொருள் பூவும் அல்ல, வேர்ச்சாறும் அல்ல. நேரம்தான்.

முதலில் வெனிலாவின் விலையைப் பார்ப்போம். வெனிலா ஓர் ஆர்க்கிட் கொடி. மெக்சிகோ பக்கத்துச் செடி. அதன் பூ ஒரே ஒரு நாள்தான் மலர்ந்திருக்கும். அதற்குள் மகரந்தம் சேராவிட்டால் காய் இல்லை. மற்ற நாடுகளுக்குக் கொண்டுபோய் நட்டபோது கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்க மட்டும் மறுத்தது. 1841ல் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியூஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், மெல்லிய குச்சியால் பூவுக்குள் இருக்கும் சவ்வை விலக்கிவிட்டு, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திச் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். உலகின் வெனிலா தோட்டங்கள் இன்றுவரை அந்தச் சிறுவனின் விரல் வித்தையைத்தான் பின்பற்றுகின்றன. பறித்த பச்சைக் காயிலும் மணம் கிடையாது. வெந்நீரில் முக்கி, மூடிவைத்து வியர்க்கவிட்டு, மாதக்கணக்கில் உலர்த்தினால்தான் வாசனை பிறக்கும். இத்தனை பாடுபட்ட பிறகும் காயின் எடையில் வெனிலின் ஏறத்தாழ 2 சதவீதம்தான். இதை மரச்சாற்றிலிருந்தே எடுக்கலாம் என்றானதும் வாசனைத் தொழிலின் கணக்கே மாறிப்போனது.

அது அப்படியொரு காலம். செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்துப் பெயர்பெற்ற வில்லியம் பெர்கின் 1868லேயே கூமரினைத் தயாரித்திருந்தார். வெட்டிப்போட்ட புல் வெயிலில் காயும்போது எழுகிற இனிப்பு மணம் கூமரினுடையது. அதைக் கொண்டு பால் பார்க்கே என்பவர் 1882ல் ஹூபிகான் நிறுவனத்துக்காக ஃபூஜேர் ரோயால் என்ற திரவியத்தைச் செய்தார். 1889ல் ஜாக்கின் தந்தையுடைய சகோதரர் எமே கெர்லான், கூமரினையும் வெனிலினையும் லாவெண்டரோடு சேர்த்து ஜிக்கியைச் செய்தார். எந்தப் பூவையும் அப்படியே நகலெடுக்க முயலாத மணம் அது. அதுவரை ரோஜா சென்ட் என்றால் ரோஜாவைப் போல மணக்க வேண்டும், வயலெட் என்றால் வயலெட்டைப் போல மணக்க வேண்டும், அவ்வளவுதான். புதிய வேதிப்பொருள்களைப் பெரும்பாலானோர் பூவுக்கு மலிவான மாற்றாகவே பார்த்தார்கள்.

எமே தன் தம்பி வீட்டுப் பையனான ஜாக்கைச் சிறுவயதிலேயே தொழிலில் பழக்கத் தொடங்கினார். ஜாக் அதோடு நிற்கவில்லை. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் சார்ல் ஃப்ரீடலின் ஆய்வுக்கூடத்தில் கரிம வேதியியல் கற்றார். பிளஸ் டூ வேதியியல் பாடத்தில் ஃப்ரீடல் கிராஃப்ட்ஸ் வினையை மனப்பாடம் செய்த எல்லோருக்கும் இந்த ஃப்ரீடலைத் தெரியும். குடும்பத் தொழிலின் பரம்பரை மூக்கும், அந்தக் காலத்தின் மிக நவீனமான வேதியியலும் ஒரே இளைஞரிடம் சேர்ந்தன. 1894ல் நிறுவனத்தில் முறையாகச் சேர்ந்தவர், அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த வீட்டின் திரவியங்களைச் செய்தார்.

இப்போது ஆவியாதலுக்கு வருவோம். தோலில் தெளித்த சென்ட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கலாம். அவையெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களில் நிறைந்திருக்கும் லிமோனினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலக்கூறு எடை 136. வெனிலினுடையது 152. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் லிமோனின் 176 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும் திரவம். வெனிலினோ அறை வெப்பநிலையில் வெள்ளைத் தூள், அதன் கொதிநிலை 285 டிகிரி. எடை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தும் குணம் ஏன் இத்தனை மாறுகிறது? லிமோனினில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உண்டு. பக்கத்து மூலக்கூறைப் பற்றிக்கொள்ள அதற்குப் பெரிய வசதி கிடையாது; கொஞ்சம் சூடு பட்டால் பறந்துவிடும். வெனிலினில் மூன்று ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. அவற்றின் வழியாக ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாகி மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடிக்கின்றன. தோலையும் துணியையும்கூடப் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் எலுமிச்சை மணம் கால் மணி நேரத்தில் மறைய, வெனிலா மறுநாள் காலையிலும் சட்டைக் காலரில் தங்கியிருக்கிறது.

எனவே நல்ல திரவியம் என்பது ஒரு மணம் அல்ல, மணங்களின் வரிசை. முதலில் கிளம்புவது எது, அது போகும் நேரத்தில் யார் வந்து இடத்தை நிரப்புவது, கடைசிவரை யார் தங்குவது என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டும். ஓவியருக்கு இல்லாத சிரமம் இது. கெர்லானின் பெரிய படைப்புகள் எல்லாம் இந்த வரிசையில்தான் உயிர்வாழ்கின்றன.

1906ல் வெளிவந்த அப்ரே லோந்தே என்ற திரவியத்தின் பெயருக்கு 'மழை ஓய்ந்த பிறகு' என்று பொருள். நனைந்த தோட்டம், ஈரப் பூக்கள், மேகம் விலகி வரும் இளவெயில். இதை மணத்தில் சொல்ல அவர் கையில் எடுத்தவற்றில் முக்கியமானவை வயலெட்டும் ஐரிஸ் கிழங்கும். ஐரிஸின் வாசனை பூவில் இல்லை, கிழங்கில். தோண்டியெடுத்த புதிதில் அதற்கும் மணம் கிடையாது. மூன்று ஆண்டுகள்போல உலரவிட்டால், உள்ளே மெல்ல மெல்ல நடக்கும் ஆக்சிஜனேற்றத்தில் ஐரோன் என்ற பொருள்கள் உண்டாகும், அவைதான் மணப்பவை. விலை சொல்லி மாளாது.

இந்த ஐரோனைத் துரத்தியவர் வேறு யாருமல்ல, வெனிலின் புகழ் டீமன்தான். 1893ல் பால் க்ரூகருடன் சேர்ந்து அவர் அயோனோன் என்ற பொருளை உருவாக்கினார். அச்சு அசல் வயலெட் மணம். எலுமிச்சைப்புல் எண்ணெயில் மிகுந்திருக்கும் சிட்ராலை அசிட்டோனோடு வினைபுரியவைத்து, பிறகு அமிலத்தால் வளையமாக மூடினால் அயோனோன் கிடைக்கும். அந்தச் சிட்ராலுக்கான எண்ணெய் திருவிதாங்கூர் மலைச்சரிவுகளில் காய்ச்சப்பட்டு, கொச்சித் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. பாரிஸ் சீமாட்டிகளின் கைக்குட்டையில் மணந்த வயலெட்டுகளில் ஒரு பங்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்லிலிருந்து போனது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது. அந்தப் புல்லை அறுத்துக் காய்ச்சியவர்களின் பெயர் எந்தப் புட்டியிலும் இல்லை.

அயோனோனுக்கு இன்னொரு விசித்திரக் குணம் உண்டு. அது மூக்கை விரைவில் களைப்படையச் செய்துவிடும். முகர்ந்த சில நொடிகளில் மணம் காணாமற்போகும். சற்று நேரம் விட்டால் திரும்பிவரும். மழை விட்ட தோட்டத்தில் வாசனை வருவதும் போவதுமாக இருப்பதைப் போன்ற உணர்வு அப்ரே லோந்தேயில் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது. 2013ல் நியூசிலாந்து ஆய்வாளர்கள், அயோனோன்களில் பீட்டா வகையை ஒருவர் பூ மணமாக உணர்வதும், இன்னொருவர் அதைச் சரியாக உணராமலே போவதும் பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுவின் வேறுபாட்டால் என்று காட்டினார்கள். ஒரே புட்டியை முகரும் இரண்டு பேர் உண்மையிலேயே இரண்டு வேறு திரவியங்களை முகர்கிறார்கள்.

மூக்கின் இயல்பு அப்படி. நம் மூக்கின் உள்ளே மேற்புறத்தில் ஏறக்குறைய 400 வகை வாசனை உணர்விகள் உள்ளன. ஒரு மூலக்கூறு பல உணர்விகளைத் தட்டும். ஓர் உணர்வி பல மூலக்கூறுகளுக்குப் பதில் சொல்லும். எந்தெந்த உணர்விகள் சேர்ந்து விழித்தன என்பதை வைத்துத்தான் மூளை ஒரு மணத்தை அடையாளம் காண்கிறது. இந்த உணர்விகளின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் 1991ல் கண்டறிந்தார்கள். 2004ல் நோபல் பரிசு பெற்றார்கள். கெர்லானுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் இரண்டு பொருள்கள் சேரும்போது மூன்றாவதாக ஒன்று தோன்றும் என்பதை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

1912ல் லெர் ப்ளெ வந்தது. சூரியன் மறைந்து, நட்சத்திரங்கள் இன்னும் தோன்றாத அந்தச் சில நிமிட நீல அந்தியே அதன் பொருள். அந்தி நேரத்துக்கு என்று தனி மணம் ஏது? அங்கேதான் அவருடைய துணிச்சல். சோம்பின் சாயலுள்ள அனிஸ் ஆல்டிஹைடு, பாதாம் வாசனையும் இனிப்புமான ஹீலியோட்ரோபின், கிராம்பில் இருக்கும் யூஜினால், ஆரஞ்சுப் பூ, ஐரிஸ், அடியில் வெனிலா என்று சேர்த்து, மங்கும் வெளிச்சத்தின் உணர்வை மூக்கு வழியாக எழுப்பினார். இம்ப்ரஷனிச ஓவியர்கள் ஒரு பொருளை விட்டுவிட்டு அதன்மேல் விழும் ஒளியைத் தீட்டியது போலத்தான் இதுவும். உள்ளதைச் சொல்வதென்றால், இந்தப் பாதையில் முதலில் நடந்தவர் அவரல்ல. ஃபிரான்சுவா கோட்டி 1905ல் செய்த லோரிகானின் சாயல் லெர் ப்ளெயில் தெளிவாகத் தெரியும். கோட்டி பெரிய கற்பனைக்காரர், கோடு போட்டவர். கெர்லான் அந்தக் கோட்டின்மேல் வண்ணம் ஏற்றியவர். என் தீர்ப்பில் இரண்டாவது வேலையே கடினம்.

முதல் உலகப் போரையொட்டியும் அதே கதைதான். கோட்டி 1917ல் ஷீப்ர் என்ற திரவியத்தை வெளியிட்டார். மேலே பெர்கமோட் என்ற எலுமிச்சைக் குடும்பத்துப் பழத்தோலின் எண்ணெய், அடியில் லப்டானம் பிசினும் ஓக்மாஸும். ஓக்மாஸ் என்பது ஓக் மரக்கிளைகளில் படரும் லைக்கன். பூஞ்சையும் பாசியும் கூடிவாழும் உயிர். செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான், கல்பாசியை முகர்ந்தவர்களுக்கு அந்த ஈரமான மரத்தடி மணம் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கோட்டியின் படைப்பு கம்பீரமானது, ஆனால் கொஞ்சம் முரடு. 1919ல் கெர்லான் அந்த அமைப்பை எடுத்துக்கொண்டு அதற்குள் ஒரேயொரு புதுப்பொருளை வைத்தார். ரஷ்ய வேதியியலாளர்கள் 1908ல் தயாரித்த காமா அன்டெகாலாக்டோன் அது. பதினொரு கார்பன்கள், அவற்றில் ஒரு பகுதி வளைந்து ஆக்சிஜனோடு வளையமாகிவிட்ட அமைப்பு. பழுத்த பீச் பழத்தின் மென்தோலைப் போல மணக்கும். லைக்கனின் இருண்ட கசப்புக்குள் பழத்தின் வெதுவெதுப்பு பரவியது. முரடு மறைந்தது. அதுதான் மிட்சுகோ. ருஷ்ய ஜப்பானியப் போரைப் பின்னணியாகக் கொண்டு குளோட் ஃபரேர் 1909ல் எழுதிய நாவலின் நாயகி பெயர்.

கெர்லானின் படைப்புகளில் என் மனம் முதலிடம் தருவது மிட்சுகோவுக்குத்தான். ஆனால் உலகம் கொண்டாடியது ஷாலிமாரை.

வெனிலினின் அமைப்பில் ஒரு மெத்தில் குழு இருக்கும் இடத்தில் எத்தில் குழுவை வைத்தால் எத்தில் வெனிலின். ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும்தான் கூடுதல். மணமோ இரண்டு மூன்று மடங்கு ஓங்கி நிற்கும். இதைக் கொஞ்சம் எடுத்து, தன் உறவினர் செய்த பழைய ஜிக்கிப் புட்டியில் கெர்லான் ஊற்றிப் பார்த்தாராம், ஷாலிமார் பிறந்ததாம். கெர்லான் நிறுவனத்தார் சொல்லிவரும் கதை இது. ஊற்றிப் பார்த்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஊற்றிய பிறகு செய்ய வேண்டியதுதான் பெரிய வேலை. அவ்வளவு வெனிலாவை வைத்துத் தான் செய்திருந்தால் வெறும் கஸ்டர்டுதான் வந்திருக்கும், கெர்லானோ ஷாலிமாரைச் செய்கிறார் என்று சேனல் நம்பர் 5ஐ உருவாக்கிய எர்னஸ்ட் போ வியந்ததாகத் தொழிலில் இன்றும் சொல்வார்கள்.

கஸ்டர்டு ஆகாமல் அவர் தடுத்தது எப்படி? மேலே பெர்கமோட்டைத் தாராளமாக நிரப்பினார். வெனிலா எழும்பி வருவதற்கு முன் அந்தப் புளிப்பு வெளிச்சம் மூக்கைத் தயார்செய்துவிடும். அடியில் டோங்கா விதை, ஓபோபனாக்ஸ் பிசின், நாம் புகைபோடும் சாம்பிராணி, தோல்பொருளின் புகை மணம், எல்லாவற்றுக்கும் கீழே புனுகு. புனுகுப்பூனையின் சுரப்பு நம் கோயில்களுக்கும் வைத்தியர்களுக்கும் பழக்கமானதே. அப்படியே முகர்ந்தால் முகம் சுளிக்கவைக்கும். துளியிலும் துளியாகக் கலந்தால் சுற்றியுள்ள பூமணங்களுக்கு உடம்பின் கதகதப்பைக் கொடுத்துவிடும். வெனிலாவின் இனிப்பு தின்பண்டமாகிவிடாமல் காத்தவை இந்த அழுக்கும் புகையும்தான்.

ஷாலிமார் பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சியில் 1925ல் வைக்கப்பட்டு ஒரு வருடம் போயிருக்கும். லியோபோல்ட் ருஜிச்கா என்ற வேதியியலாளர், புனுகின் மணப்பொருளான சிவெட்டோனில் 17 கார்பன்களாலான வளையம் இருப்பதாக அறிவித்தார். எட்டு கார்பன்களுக்கு மேற்பட்ட வளையம் நிலைத்து நிற்காது என்று வேதியியல் உலகம் நம்பிக்கொண்டிருந்த நேரம். அந்த நம்பிக்கையை உடைத்தது ஒரு பூனையின் சுரப்பு. 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் ருஜிச்காவுக்குப் பங்கு கிடைத்ததற்கு இந்தப் பெருவளைய ஆய்வும் காரணம்.

ஷாலிமாரின் பெயரோடு ஷாஜகான், மும்தாஜ் காதல் கதையை விளம்பரங்கள் இணைத்துவிட்டன. வரலாறு அவ்வளவு ஒத்துழைக்கவில்லை. லாகூரின் ஷாலிமார் தோட்டத்தை ஷாஜகான் கட்டத் தொடங்கியது 1641ல். மும்தாஜ் இறந்தது 1631ல். காஷ்மீரில் உள்ள ஷாலிமாரை அமைத்தவர் ஷாஜகானின் தந்தை ஜஹாங்கீர். புட்டிக்குள் இருக்கும் கலைக்கு இந்தக் கதையின் துணை தேவையே இல்லை.

1933ல் வோல் த நுவி வந்தது. செந்த் எக்சுபெரியின் விமான நாவலின் பெயரைத் தாங்கியது. பச்சைக் கசப்பான கால்பனம் பிசினோடு தொடங்குவது. அதன்பின்னும் கெர்லான் வேலைசெய்தார், பேரன் ழான் பாலைப் பழக்கினார், 1963 மே மாதம் மறைந்தார்.

அவர் செய்த அதே திரவங்கள் இன்று கிடைக்குமா என்றால், முழுமையாக இல்லை. ஓக்மாஸில் உள்ள அட்ரனால், குளோரோ அட்ரனால் என்ற இரண்டு பொருள்கள் தோல் ஒவ்வாமையைத் தூண்டுபவை. ஐரோப்பிய ஒன்றியம் 2017ல் அவற்றைத் தடைசெய்ய முடிவெடுத்தது. பெர்கமோட்டில் இருக்கும் பெர்காப்டென் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும் என்பதால் அதை நீக்கித்தான் சேர்க்கிறார்கள். விலங்குகளிடமிருந்து எடுத்த புனுகு போய்ச் செயற்கைப் பொருள் வந்துவிட்டது. இவற்றில் எதையும் நான் குறைசொல்ல மாட்டேன். மனிதத் தோலும் கூண்டுக்குள் இருக்கும் பூனையும் சென்ட்டைவிட முக்கியம். ஆனால் ஓர் ஓவியத்தின் நிறங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் மூல ஓவியத்தை எங்காவது பத்திரப்படுத்தி வைக்க வேண்டுமல்லவா? அந்த வேலையை 1990 முதல் வெர்சாய் நகரில் ஒஸ்மோதேக் என்ற காப்பகம் செய்கிறது. பழைய ஃபார்முலாப்படி மீண்டும் செய்த திரவியங்கள் அங்கே ஏறத்தாழ 12 டிகிரி குளிரில், ஆக்சிஜன் தொட்டுக் கெடுத்துவிடாதபடி ஆர்கான் வாயுவுக்குக் கீழே வைக்கப்பட்டிருக்கின்றன. கோட்டியின் ஷீப்ரை அதன் பழைய வடிவில் முகர வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும்.

மிட்சுகோவையும் ஷாலிமாரையும் முகர அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பெரிய விமான நிலையங்களின் கடைகளில் சோதனைப் புட்டிகள் இருக்கும். கிடைத்தால் மணிக்கட்டில் ஒரே ஒருமுறை அடித்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் வேண்டாம், தோலில். தேய்க்காதீர்கள். முதல் நிமிடத்தில் பிடித்ததா என்று முடிவு செய்துவிடாதீர்கள், அப்போது உங்கள் மூக்கில் ஏறுவது பெரும்பாலும் ஆல்கஹாலும் பழத்தோலும்தான். அரை மணி கழித்து ஒருமுறை, மூன்று மணி கழித்து இன்னொருமுறை, இரவு படுக்கப் போகும்போது மறுபடியும் முகர்ந்து பாருங்கள். நான்கும் வெவ்வேறாக இருக்கும்.